கூட்டமும் ஆணையும் சேர்ந்து வரும்: புதிய சமூக ஊடகத் தளங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமூக ஊடகத் தளங்களில் உள்ளடக்கத்தை மேற்பார்வையிடுவதும், அரசிடமிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் தொழில். புதிதாகத் தளம் தொடங்கியவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போதெல்லாம், எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். சர்வர் திணறுவது, ஓ.டி.பி. தாமதமாவது, போலிக் கணக்குகள் குவிவது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை முதல் நாளே கண்ணில் படுவதால் எப்படியும் சரிசெய்யப்பட்டுவிடும். பல மாதங்கள் கழித்துத் தெரியவரும் தவறுகளே இங்கு முக்கியம்.

கூட்டம் ஏன் வந்தது என்று கேட்காமல் இருத்தல்

ஒரே வாரத்தில் லட்சக்கணக்கானோர் வந்து சேர்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அவர்கள் வேறோர் இடத்தை விட்டு வெளியேறி வருகிறார்கள் என்று பொருள். விவசாயிகள் போராட்டம் தொடர்பான கணக்குகளை முடக்குவதில் ட்விட்டருக்கும் இந்திய அரசுக்கும் மோதல் முற்றிய 2021 பிப்ரவரியில்தான் பெங்களூரின் கூ தளத்தில் கூட்டம் சேர்ந்தது. 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரேசில் உச்ச நீதிமன்ற நீதிபதி அலெஷாந்த்ரே டி மொராயிஸ் எக்ஸ் தளத்தை முடக்க உத்தரவிட்டதும், சில நாள்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ப்ளூஸ்கை என்ற சமூக ஊடகத் தளத்தில் சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில் இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோக்லு கைதானதை அடுத்துத் துருக்கியர் பலரும் ப்ளூஸ்கையை நாடினர். ஏப்ரலில் அந்நாட்டு அரசின் கோரிக்கையின்படி பல கணக்குகளைத் துருக்கியில் தெரியாதபடி அந்தத் தளம் மறைக்க வேண்டியதாயிற்று. ஒரு தளத்திலிருந்து மக்களை வெளியேற்றிய தகராறு, அவர்கள் பின்னாலேயே அடுத்த தளத்துக்கும் வந்து சேர்கிறது. ஆகவே கூட்டம் பெருகத் தொடங்கிய நாளிலேயே, முதல் கடிதம் எந்த நாட்டிலிருந்து, எந்தச் சட்டத்தின் கீழ் வரக்கூடும் என்பதை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

50 லட்சம் பேர் சேரும்வரை சட்டம் பொருந்தாது என்று நம்புதல்

இந்தியாவில் பதிவுசெய்த பயனர்கள் 50 லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் கடமைகள் வரும் என்று தகவல் தொழில்நுட்ப விதிகளில் 2021-இல் வரையறுக்கப்பட்டது. தளம் சட்டப்படி நடப்பதற்குப் பொறுப்பேற்கும் முதன்மை இணக்க அலுவலர், அவரல்லாத வேறொருவராக 24 மணி நேரமும் தொடர்புக்குக் கிடைக்கும் அலுவலர், குறைதீர் அலுவலர் ஆகியோர் இந்தியாவில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும். மாதந்தோறும் அறிக்கையும் வெளியிட வேண்டும். ஆனால் புகாரை ஏற்பது, ஆணை வந்தால் அகற்றுவது போன்ற அடிப்படைக் கடமைகள் ஆயிரம் பேர் உள்ள தளத்துக்கும் பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேலும், சட்டம் பார்ப்பது பதிவுசெய்தவர்களின் எண்ணிக்கையை. நம் இளைஞர்களோ அன்றாடம் வந்துபோகிறவர்களை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள்.

2025 செப்டம்பரில் ஸோஹோவின் ‘அரட்டை’ செயலியில் நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய சேர்க்கை, மூன்றே நாள்களில் 3,50,000 ஆக உயர்ந்ததாக ஸோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். புதிதாகத் தொடங்கிய தளம் ஒன்றுக்கு அந்த வேகம் வாய்த்தால் 50 லட்சத்தைத் தொட 15 நாள்கள் போதும். சட்ட நடவடிக்கைக்குத் தாமே பொறுப்பாகக்கூடிய இணக்க அலுவலர் பதவிக்குத் தகுதியான ஒருவர் 15 நாள்களில் கிடைக்கமாட்டார்.

‘நீக்கு’ என்ற ஒரே வழியை மட்டும் வைத்திருத்தல்

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆற்றாமை தீர்வதில்லை. புதிய தளம் எதன் டேட்டாபேஸைத் திறந்தாலும், பதிவுகளுக்கான அட்டவணையில் நிலையைக் குறிக்க ஒரே ஒரு கட்டம் இருக்கும். அதில் 1 என்றால் பதிவு உண்டு, 0 என்றால் இல்லை. பயனர் தாமே அழித்த பதிவு, தளத்தின் விதியை மீறியதால் அகற்றப்பட்ட பதிவு, நீதிமன்ற ஆணையால் மறைக்கப்பட்ட பதிவு ஆகிய மூன்றும் அந்தப் பூஜ்யத்துக்குள் அடைக்கப்பட்டு, வேறுபாடு தெரியாமல் கலந்துவிடுகின்றன. சில தளங்களில், இடத்தை மிச்சப்படுத்த என்று எழுதப்பட்ட நிரல் ஒன்று இரவுதோறும் ஓடி, பூஜ்யமான பதிவுகளைக் கோப்புகளோடு சேர்த்து அழித்தும் விடுகிறது.

நான் ஆலோசனை சொன்ன ஒரு தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பயனர்கள் அலையலையாகச் சேர்ந்துகொண்டிருந்த வாரத்தில், ஒரு காவல் நிலையத்திலிருந்து ஒரு வீடியோவைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் வந்தது. இரவுப் பணியிலிருந்த பொறியாளர் கேட்பதற்கு ஆளில்லாமல் அதை நீக்கினார். நிரல் ஓடியதும் கோப்பு அழிந்துபோனது. சில வாரங்கள் கழித்து அதே காவல் நிலையம், வழக்குக்குச் சான்றாக அந்த வீடியோவின் மூலக் கோப்பையும், பதிவேற்றிய நேரத்தையும், ஐ.பி. முகவரியையும் கேட்டு எழுதியது. கொடுப்பதற்கு எதுவுமே இல்லை. ஆணையின் பேரில் அகற்றிய உள்ளடக்கத்தை விசாரணைக்காக 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அந்தக் கடமையில் தளம் தவறியது. வீடியோவை எடுத்தவரிடமோ வேறு பிரதி இல்லை. ஒருவருடைய உழைப்பும் ஒரு வழக்கின் சான்றும், வேறு வழி அமைக்கப்படாததால் மட்டுமே அழிந்தன.

மறைத்தலும் நீக்குதலும் வேறு வேறு செயல்கள். குறிப்பிட்ட ஒரு நாட்டில் மட்டும் பதிவை மறைத்து, மற்ற இடங்களில் காட்டும் முறையை ட்விட்டர் 2012 ஜனவரியிலேயே அறிவித்தது. 2021 பிப்ரவரி 1 அன்று அரசின் ஆணைப்படி, தி கேரவன் இதழின் கணக்கு உட்படச் சுமார் 250 கணக்குகளையும் பதிவுகளையும் இந்தியாவில் மறைத்த அந்த நிறுவனம், அன்றே அவற்றை மீண்டும் தெரியச் செய்தது. அது சரியா தவறா என்ற வாதம் வேறு விஷயம். மறைத்து வைத்திருந்ததால்தான் திருப்பித் தரவும் முடிந்தது.

ஆகவே முதல் நாளிலேயே நிலை, நாடு, காரணம், ஆணை எண், ஆணையிட்ட அலுவலர், நாள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வைக்க வேண்டும். பதிவை மறைத்த பிறகும் அதன் படம், வேகத்துக்காகப் பல ஊர்களில் நகல் வைத்திருக்கும் சி.டி.என். சர்வர்களிலும், தேடல் பட்டியலிலும், பகிரும்போது தோன்றும் முன்னோட்டத்திலும் நின்றுவிடும். நேரடி இணைப்பைத் திறந்து பார்க்கும் அலுவலர், தளம் ஆணையை மதிக்கவில்லை என்றே எழுதுவார். பதிவிலும் இந்த மூன்று இடங்களிலும் ஒரே சொடுக்கில் மறையும்படி செய்வது, சில ஆயிரம் பதிவுகள் உள்ளபோது ஒரு வார வேலை. பதிவுகள் கோடிக்கணக்கில் பெருகிய பின், ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை நிறுத்தாமல் இதைச் செய்வது பெரும் செலவு.

எல்லாக் கடிதங்களையும் ஒன்றாகக் கருதுதல்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வரும் ஆணைக்கு நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற குறிப்பிட்ட காரணங்கள் வேண்டும். அதை மீறினால் ஏழு ஆண்டுகள்வரை சிறைத் தண்டனை உண்டு. 79(3)(பி) பிரிவின் கீழ் வரும் அறிவிப்பை மதிக்காவிட்டால், பயனர் எழுதியதற்குத் தளம் பொறுப்பல்ல என்ற சட்டக் காப்பு பறிபோகும். 2025 நவம்பர் 15 முதல், இந்த அறிவிப்பைக் காவல் துறை அனுப்புவதானால், டி.ஐ.ஜி. நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர்தான் அனுப்ப வேண்டும். சட்ட அடிப்படையையும் குறிப்பிட்ட இணைய முகவரியையும் சொல்ல வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 94-ஆம் பிரிவின் கீழ் வருவதோ ஆவணம் கேட்கும் கடிதம். அதில் அகற்றும் ஆணையே இல்லை. தகவல் மட்டும் கேட்ட கடிதத்தைப் பார்த்துப் பயந்து பதிவையே தூக்கிவிடுகிறவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். கடிதத்தைத் திறந்தவுடன் பிரிவு எண்ணைத் தேடுங்கள். பிறகு கெடுவைப் பாருங்கள். 2021-இல் 36 மணி நேரம் என்றிருந்த விதிகள் பலமுறை திருத்தப்பட்டிருப்பதால், பழைய கையேட்டை நம்ப வேண்டாம்.

தொலைபேசிக் கோரிக்கையை ஏற்றல்

எழுத்தில் வரும்வரை எதையும் தொடாதீர்கள்.

மொழி தெரியாதவரிடம் மேற்பார்வையை ஒப்படைத்தல்

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை பரவியபோது, சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் புகாருக்குப் பிறகும் ஃபேஸ்புக்கில் நின்றன. இலங்கை அரசு அந்தத் தளத்தையே சில நாள்கள் முடக்கியது. 2020-இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கோரியது. தமிழிலும் நிலைமை எளிதல்ல. ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழையும், வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் சாதி வசைகளையும் சொற்பட்டியல் பிடிக்காது. வளர்ச்சி எந்த மொழியில் வருகிறதோ, அந்த மொழியை வீட்டில் பேசுகிறவரை அந்த வாரமே பணியில் சேருங்கள்.

பயனருக்குச் சொல்லாமல் விடுதல்

69ஏ பிரிவுக்கான 2009-ஆம் ஆண்டு முடக்க விதிகளில் உள்ள இரகசியக் காப்பைக் காட்டி, பயனரிடம் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று சிலர் முடிவுசெய்துவிடுகிறார்கள். ஆணையின் நகலை வெளியிடாமலேயே, பதிவு சட்டக் கோரிக்கையால் மறைக்கப்பட்டுள்ளது, அது அழிக்கப்படவில்லை, குறைதீர் அலுவலரின் முகவரி இது என்ற மூன்றையும் சொல்லலாம் என்பதே என் கருத்து. குறைதீர் அலுவலரின் முடிவு திருப்தியளிக்காவிட்டால் 30 நாள்களுக்குள் மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம் என்பதையும் அதே அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள்.