கையைக் கொத்தும் கிளியைப் பழக்குவது

முதலில் ஒன்று: நம்மூர் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இங்கே சொல்வது காக்டீல் (தலையில் கொண்டையுள்ள சிறிய ஆஸ்திரேலியக் கிளி), ஆப்பிரிக்கக் காதல் பறவை போன்றவற்றுக்கு.

கொத்துவது பெரும்பாலும் பயத்தால்தான். அதற்கு முன்பே அது சொல்லிவிடும். காக்டீல் கொண்டையைத் தலையோடு ஒட்டப் படுக்க வைத்து, சீறும். அந்த நொடியே கை நின்றுவிட வேண்டும், மெதுவாகப் பின்வாங்குங்கள். கொத்து வாங்கியபின் வெடுக்கென்று இழுத்தால், கொத்தினால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். கத்தவும் வேண்டாம்.

முதல் நாலைந்து நாள் கூண்டருகே சும்மா உட்கார்ந்து பேசுங்கள். பிறகு ஒரு முழம் நீளமுள்ள தென்னை ஈர்க்கின் நுனியில் சுண்டுவிரல் நகமளவு கொய்யாத்துண்டைக் குத்தி, கம்பி வழியே நீட்டுங்கள். தயங்காமல் கொத்தித் தின்றால் மறுநாள் ஈர்க்கை இரண்டு விரற்கடை குறைத்துவிடுங்கள். தயங்கினால் பழைய நீளத்துக்கே போய்விடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டுத்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஈர்க்கு தீர்ந்ததும் விரித்த உள்ளங்கையில் தினை. கையுறை போட்டுப் பிடிப்பது பயத்தை இரட்டிப்பாக்கும்.

ஒரு தடவைக்கு ஐந்தே நிமிடம், காலையும் மாலையும். சித்திரை வெயிலில் மதியம் வாய் திறந்து இரைக்கும் பறவையைத் தொந்தரவு செய்யக் கூடாது. இரவு பத்து மணி நேரமாவது இருட்டும் அமைதியும் வேண்டும்.

பழகிய பறவை திடீரென்று கொத்தினால் நோயாக இருக்கலாம். திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.