படித்ததைக் குறித்து வையுங்கள்

படித்த புத்தகங்களுக்கென்று கோடு போட்ட நோட்டு ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். நூலின் பெயர், முடித்த மாதம், அதோடு ஒரே ஒரு வரி: ஏன் பிடித்தது, அல்லது எந்த இடத்தில் அலுத்தது. கதைச் சுருக்கம் வேண்டாம். அதுதான் பின்னட்டையிலேயே இருக்கிறதே. பாதியில் நிறுத்தியதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். என் நோட்டில், "180-ஆம் பக்கம். அண்ணன் தம்பி சொத்து வழக்கு முடிகிறபாடில்லை" என்றொரு வரி இருக்கிறது. இளவயதில் அப்படித் தள்ளிவைத்த குடும்ப நாவல்தான் இன்று என் தலைமாட்டில் கிடக்கிறது. விழுந்து விழுந்து படித்த துப்பறியும் கதைகளோ எப்போது கைநழுவின என்பது நோட்டைப் புரட்டினால்தான் தெரிகிறது. புத்தகக் காட்சிக்குப் போகும்முன் கடைசிச் சில பக்கங்களைப் பார்த்துக்கொண்டால் வீண் செலவு குறையும். ஐயமாக இருக்கும் நூலை முதலில் சேலம் மாவட்ட மைய நூலகத்தில் தேடிப் பாருங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் பென்சிலால் எழுதுவது நல்லது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் மழைக்கால மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். பேனா மை ஊறிவிடும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். ஈரம் பட்ட புத்தகத்தை வெயிலில் காயவைத்தால் அட்டை வளைந்துகொள்ளும். தாள்களை விரித்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

சேலத்திலிருந்து பஸ்ஸில் படித்துக்கொண்டே வருபவர்கள் அடிவாரத்தோடு மூடிவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் எழுத்தை உற்றுப் பார்த்தால் குமட்டும்.