வண்டி செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்

விடியற்காலை ஐந்து மணிக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்ற வேண்டும். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு இது நடந்த அன்று, “பேட்டரி போச்சுண்ணே” என்றார்கள். மறுபேச்சில்லாமல் புதுசு வாங்கி மாட்டினேன். மூன்றே வாரத்தில் திரும்பவும் அதே ‘டிக்’. குறை பேட்டரியில் இல்லை. இன்ஜினையும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை துருவேறி, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோவின் கரண்டும் அந்த வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். வழி அடைபட்டால் எந்தப் பேட்டரிக்கும் சார்ஜ் ஏறாது. அந்தப் பணம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று, ஸ்பேனர், உப்புத்தாள் இருந்தால் போதும். கீழே உள்ள அளவுகள் 12 வோல்ட் வண்டிக்கு. இரண்டு பேட்டரி போட்ட 24 வோல்ட் லாரி என்றால், இரண்டையும் தனித்தனியாக அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் சோர்ந்திருந்தாலும் மற்றதையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

முதலில் கண்ணால் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? கிளாம்பைக் கையால் திருகினால் ஆடுகிறதா? ஆடவே கூடாது. கழற்றும்போது மைனஸை முதலில், மாட்டும்போது மைனஸைக் கடைசியில். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து உப்பைக் கழுவுங்கள், கரைசல் பேட்டரி மூடிக்குள் போகாமல். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம். பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு. துருவையும் பேட்டரியையும் சேர்த்து ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி 1953 முதல் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் டெர்மினல் உப்புக்குப் பயந்து பேட்டரி மாற்றலாமா?

மூடி திறக்கிற வகை பேட்டரி என்றால் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். நம் பக்கத்து சித்திரை வெயிலில் சீக்கிரம் வற்றும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம்.

அடுத்து அளவு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடாமல், மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து இரண்டு டெர்மினலையும் தொடுங்கள். 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் முதலில் வெளியே சார்ஜ் போட்டுவிட்டு மற்ற சோதனைகளுக்கு வாருங்கள். நிறைந்த பேட்டரியே செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், அப்போது பேட்டரியைச் சந்தேகப்படலாம்.

சரி, வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது. கொஞ்சம் ரேஸ் கொடுத்துத் திரும்ப அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் டைனமோ வேலை செய்கிறது. 12.6-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, டைனமோவின் பின்னால் வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் கெட்டிருக்கும். விட்டால் பேட்டரி கொதித்துவிடும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள், டைனமோவுக்குள் இருக்கும் டையோடு என்ற பாகம் போய்விடும்.

என்னை ஏமாற்றிய எர்த்துக்கு வருகிறேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை இன்ஜினின் சுத்தமான இரும்பில். நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த்தில்தான். பட்டையைக் கழற்றி, இரண்டு முனையும் உட்காருகிற இடத்தை இரும்பு பளபளக்கும் வரை தேயுங்கள். இழை அறுந்திருந்தால் புதுசு போடுங்கள். பேட்டரி விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

எல்லா அளவும் சரி, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் படுத்துவிடுகிறதா? எதுவோ கரண்டைக் குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் மாட்டுங்கள். அப்போது செல்ஃப் அடித்தால் மீட்டர் எரியும், ஜாக்கிரதை. சில நிமிடம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்தால், பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது இறங்குகிறதோ, அந்த லைனில்தான் கோளாறு. பின்னால் மாட்டிய பாட்டு செட்டை முதலில் பாருங்கள்.

காரைக்குடிக்குள்ளேயே கடைக்குக் கடை நிறுத்தி நிறுத்தி ஓடும் வண்டிக்கு, ஒவ்வொரு முறை செல்ஃப் அடித்த கரண்டும் திரும்ப ஏற நேரம் கிடைப்பதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது புதுக்கோட்டை வரை போய் வருகிற லோடு ஒன்று எடுங்கள், அல்லது வீட்டில் சார்ஜரில் போடுங்கள்.

டைனமோவோ ரெகுலேட்டரோதான் குறை என்றால் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். போகும்போது நின்றபோது எவ்வளவு, செல்ஃப் அடிக்கையில் எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று மூன்று அளவையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.