போட்டித் திடலில் மட்டும் விழித்துக்கொள்ளும் குதிரை: வீட்டுப் பயிற்சியைச் சீர்செய்வது எப்படி?

செம்பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்றில் நான் ஆறு ஆண்டுகள் சவாரி செய்தேன். லாயத்துத் திடலில் அவளை டிராட்டில் (நடையைவிட வேகமான மித ஓட்டத்தில்) வைத்திருக்கவே அடிக்கு ஒருமுறை குதிகாலால் நினைவூட்ட வேண்டியிருக்கும். வாசற்கதவுப் பக்கம் வந்தால் வேகம் தானாகவே குறையும். அதே குதிரை, போட்டி நடக்கும் இடத்தில் வண்டியின் சரிவுப்பலகையை விட்டு இறங்கியதுமே கழுத்தை உயர்த்திக் காதுகளை முன்னே நிறுத்திக்கொள்வாள். நடுவரின் மணி ஒலித்து, திடலின் விளிம்பில் இடங்களைக் குறிக்கும் எழுத்துகளில் நுழைவிடமான ‘ஏ’வைக் கடந்து நடுக்கோட்டில் நுழையும்போது, என் கால் படுவதற்குள் புறப்பட்டிருப்பாள்.

கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு உற்சாகம் என்று பலரும் சொன்னார்கள். நானும் வெகுகாலம் அதையே நம்பினேன். போட்டி நாளில் நான் சவாரி செய்யும் விதமே வேறாக இருந்தது என்பது தாமதமாகத்தான் உறைத்தது. டிரஸ்ஸாஜ் (குறித்த அசைவுகளைக் குதிரை வரிசையாக, நேர்த்தியாகச் செய்துகாட்டும் சவாரிப் போட்டி) பழகத் தொடங்கியிருப்பவர்களை மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். தடை தாண்டுதல் பழகுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: வலி இருக்கிறதா என்று பாருங்கள்

பயிற்சியைக் குறைசொல்வதற்கு முன் கால்நடை மருத்துவரை அழையுங்கள். புதிய இடத்தின் பரபரப்பில் அட்ரினலின் சுரக்கும்போது இதயத்துடிப்பு கூடுகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, சிறிய வலிகள் உணரப்படாமலும் போகின்றன. ஆகவே வீட்டில் மந்தமாகவும் போட்டியில் துடிப்பாகவும் இருக்கும் குதிரை, வீட்டில்தான் தன் உடல்நிலையைச் சரியாகக் காட்டுகிறது என்றும் இருக்கலாம். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்கத் திரும்புகிறதா? அது வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், சேணம் பொருந்தாததாகவும் இருக்கலாம். குதிரையின் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரப்பதால், நெடுநேரம் புல்லோ வைக்கோலோ இல்லாமல் நிற்கும் குதிரைகளுக்குப் புண் எளிதில் வரும். தரையையும் கவனியுங்கள். வீட்டுத் திடல் கட்டாந்தரையாகவும் போட்டித் திடல் நல்ல மணல் தளமாகவும் இருந்தால், இறுகிய தரையில் எட்டிவைக்கத் தயங்கும் குதிரையைச் சோம்பேறி என்பது நியாயமில்லை.

இரண்டாம் படி: இரு நாட்களையும் எழுதி ஒப்பிடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டுப் பயிற்சி நாள் ஒன்றையும் போட்டி நாள் ஒன்றையும் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதுங்கள். எத்தனை நிமிடம் சவாரி, எத்தனை முறை ஒரே வட்டம், எத்தனை முறை நிறுத்தித் திருத்தம், குதிரை எப்போது தீவனம் தின்றது, பக்கத்தில் வேறு குதிரைகள் இருந்தனவா என்பவையெல்லாம் அதில் இடம்பெற வேண்டும். சேணம் பூட்டுவதற்கு முன் நாடித்துடிப்பையும் எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல்களை வைத்துத் துழாவினால், மெல்லிய கயிறுபோல் உருளும் தமனி தட்டுப்படும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இயல்பு. போட்டி இடத்தில், இறங்கி நெடுநேரம் ஆன பிறகும் துடிப்பு அந்த எல்லையைத் தாண்டியே நின்றால், நீங்கள் உற்சாகம் என்று நினைப்பதில் அச்சமும் கலந்திருக்கிறது என்று பொருள். பல்லைக் கடிப்பது, வாலை ஓயாமல் வீசுவது, சாணம் இளகிப் போவது ஆகியவையும் அதையே சொல்லும்.

என் நோட்டுப் புத்தகத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. போட்டியில் 20க்கு 40 மீட்டர் திடலில் சுமார் ஐந்து நிமிடம், ஒவ்வோர் அசைவும் ஒரே முறை, தவறினாலும் நிற்காமல் அடுத்ததற்குப் போனேன். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பெண் விழும் என்பதால், கோட்டம் விழுந்த வட்டத்துக்காக அழுதுகொண்டிருக்க அங்கே நேரமில்லை. வீட்டிலோ ஒரே 20 மீட்டர் வட்டத்தைப் பதினைந்து முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் காலால் தட்டியபடியே இருந்திருக்கிறேன்.

மூன்றாம் படி: காலின் சொல்லுக்கு மதிப்பை மீட்டெடுங்கள்

பொறுமை மிகுதியாகத் தேவைப்படும் படி இதுதான். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது காலின் தட்டலுக்கும் பொருந்தும். விலாவில் ஓர் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டக்கூடிய விலங்கு, உங்கள் குதிகாலை உணரவில்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தட்டலுக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததால், அதைக் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை என்று கற்றுக்கொண்டிருக்கிறது. அழுத்தம் நீங்கும் கணத்தில்தான் குதிரை கற்கிறது. நீங்காத அழுத்தம் எதையும் கற்றுத்தருவதில்லை.

செய்ய வேண்டியது இது. சாதாரண நடையில் கடிவாள வாரைச் சற்றுத் தளர்த்தி, இரு கால்களையும் முழுவதும் அமைதியாகத் தொங்க விடுங்கள். பிறகு கெண்டைக்காலால், உங்கள் கால்சட்டைத் துணி விலாவில் உரசும் அளவுக்கு மட்டும் அழுத்தி, டிராட் கேளுங்கள். மனத்துக்குள் இரண்டு எண்ணும்வரை பதில் வராவிட்டால், காலுக்குச் சற்றுப் பின்னால் சவுக்கால் ஒரே ஒரு முறை தெளிவாகத் தட்டுங்கள். கோபத்தில் அடிக்கிற அடியாக அது ஆகிவிடக் கூடாது. குதிரை சட்டென்று முன்னால் பாய்ந்தால் வாரை இழுத்துவிடாதீர்கள். புதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் செய்யும் தவறு இது. போ என்று சொல்லிவிட்டுப் போனதற்குத் தண்டித்தால் குதிரை யாரை நம்பும்? ஐந்தாறு எட்டு ஓட விட்டு, காலை விலக்கி, கழுத்தைத் தடவிக் கொடுத்து, நடைக்குத் திரும்புங்கள். பின்னர் அதே மெல்லிய தொடுதலால் மறுபடியும் கேளுங்கள். இம்முறை தட்டலில்லாமல் புறப்பட்டால் உடனே பாராட்டி நிறுத்திவிடலாம். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை போதும். மிகக் கடினமான பகுதி, டிராட் வந்த பிறகு காலைச் சும்மா வைத்திருப்பது. என் கால்களுக்கு அது பழக மூன்று வாரம் ஆயிற்று, குதிரைக்கோ நான்கு நாள்.

நான்காம் படி: பயிற்சியைப் போட்டியின் அளவுக்குச் சுருக்குங்கள்

பத்து நிமிட நடைக்குப் பிறகு, ஐந்து நிமிடத்திற்குள் முடியும் ஒரு வரிசையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு சவாரி செய்யுங்கள். எடுத்துக்காட்டாக, ‘ஏ’வில் நுழைந்து, ‘சி’யில் இடப்புறம் திரும்பி, ‘இ’யில் 20 மீட்டர் வட்டம் போட்டு, ‘ஏ’வில் கேன்டர் (டிராட்டைவிட வேகமான துள்ளோட்டம்) எடுத்து, ‘பி’யில் டிராட்டுக்கு இறங்கலாம். இடையில் எது கெட்டாலும் தொடருங்கள். முடிந்ததும் நீண்ட வாரில் நடக்க விடுங்கள், அப்போது உங்கள் தவறுகளை யோசியுங்கள், பிறகு வேறொரு வரிசையைச் செய்யுங்கள். இரண்டு வரிசை நன்றாக அமைந்துவிட்டால் அன்றைக்கு இறங்கிவிடுங்கள். வாசற்கதவருகே மட்டும் ஒருபோதும் இறங்காதீர்கள்; திடலின் எதிர்முனையில் இறங்கி வயிற்றுவாரைத் தளர்த்தும் பழக்கம் வந்த பிறகு, கதவுப் பக்கம் தயங்கும் பழக்கம் மெல்ல மறையும்.

ஐந்தாம் படி: திடலை விட்டு வெளியே போங்கள்

வாரத்தில் இரண்டு நாளாவது திடலே வேண்டாம். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸ்ஸாஜ் தனிநபர், குழு ஆகிய இரண்டிலும் தங்கம் வென்ற வலேக்ரோ என்ற குதிரையை வளர்த்துப் பயிற்றுவித்த பிரிட்டன் வீரர் கார்ல் ஹெஸ்டர், தம் குதிரைகளை மேய்ச்சல் வெளியில் அவிழ்த்து விடுவதையும், திடலுக்கு வெளியே சாலைகளில் சவாரிக்கு அழைத்துச் செல்வதையும் வழக்கமாகக் கொண்டவர். 2014 டிசம்பரில் இசையுடன் கூடிய பிரிவில் 94.30 விழுக்காடு பெற்று உலகச் சாதனை படைத்த குதிரைக்கே வயலும் சாலையும் தேவைப்பட்டன என்றால், நம் குதிரையை நாள்தோறும் எட்டு எழுத்துகளுக்குள் அடைத்து வைப்பதற்கு என்ன காரணம் சொல்வது?

ஆறாம் படி: ஒத்திகை பாருங்கள்

மாதம் ஒரு முறை, தெரிந்தவர் ஒருவரின் திடலுக்குக் குதிரையை வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். பிடரி பின்னி, போட்டி உடை அணிந்து, நண்பரை மணியடிக்கச் சொல்லுங்கள். சர்வதேச விதிகளின்படி மணி ஒலித்த 45 விநாடிக்குள் நுழைய வேண்டும் என்பதால் அதையும் பழகலாம். உங்கள் மனநிலை குதிரைக்குப் போய்ச் சேர்கிறதா என்று ஐயப்பட வேண்டாம். 2009இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், இப்போது ஒரு குடை விரியப்போகிறது என்று சவாரி செய்பவரிடம் சொல்லிவைத்தார்கள். குடை விரியவே இல்லை, ஆனாலும் மனிதர், குதிரை இருவரின் இதயத்துடிப்பும் கூடியது. போட்டியன்று உங்களுக்குள் இருக்கும் அந்தக் கூர்மையைப் பதற்றமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவரவே இந்த ஒத்திகை.

ஆறு வாரம் இப்படிச் செய்த பின் அதே நோட்டுப் புத்தகத்தில் மறுபடியும் இரு பக்கங்களை எழுதுங்கள். வீட்டில் மாற்றமே இல்லையென்றால், சவுக்கைக் கனமாக்காமல் முதல் படிக்குத் திரும்பி, இம்முறை குளம்புகளையும் முதுகையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.