கேஸ் ஸ்பிரிங்கும் அக்யுமுலேட்டரும்: ஏற்றுமதிச் சரக்காக அனுப்பும் முறை

கார் டிக்கியைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங், அலுவலக நாற்காலியை ஏற்றி இறக்கும் கேஸ் லிஃப்ட், ஹைட்ராலிக் இயந்திரங்களில் எண்ணெய் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டர் ஆகிய மூன்றையும் விலைப்பட்டியலில் உதிரிபாகம் என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது நம் ஏற்றுமதியாளர்களிடையே வழக்கமாகிவிட்டது. இவை ஒவ்வொன்றின் உள்ளும் உயர் அழுத்தத்தில் நைட்ரஜன் அடைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஐக்கிய நாடுகளின் அபாயகரச் சரக்குப் பட்டியலில் இவற்றுக்கு யூஎன் 3164 என்ற எண்ணும், எளிதில் தீப்பற்றாத வாயுக்களுக்குரிய 2.2 என்ற பிரிவும் தரப்பட்டுள்ளன. இவற்றில் பெரும்பாலானவை அபாயகரச் சரக்கு விதிகளிலிருந்து விலக்குப் பெற்றுச் சாதாரணச் சரக்காகவே போகக்கூடியவை என்பதும் உண்மைதான். ஆனால் அந்த விலக்கு பொருளின் சிறிய அளவை மட்டும் பார்த்துத் தரப்படுவதில்லை. உற்பத்தியாளரிடமிருந்து வரவேண்டிய சான்றுகள் அனுப்புநரின் கையில் இருந்தால்தான் அது செல்லும். ஆகவே விமானத்தில் இடம் பதிவு செய்வதற்கு முன்பே அந்தச் சான்றுகளைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

உள்ளே என்ன வாயு இருக்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். யூஎன் 3164 தீப்பற்றாத வாயு கொண்ட பொருட்களுக்கு மட்டுமே உரியது. தீப்பற்றும் வாயு இருந்தால் வகைப்பாடே மாறி, பொருள் வேறு எண்ணுக்குப் போய்விடும். கார் ஏர்பேக், தீயணைப்பான், ஏரோசால் டப்பா போன்றவற்றுக்கும் தனித்தனி எண்களும் விதிகளும் உள்ளன என்பதால் அவற்றை இந்த வழிமுறைக்குள் கொண்டுவரக் கூடாது.

அடுத்தது கணக்கு. விமானப் போக்குவரத்துக்கான ஐயாட்டா விதிநூலில் ஏ114 என்ற சிறப்பு விதியும், கப்பல் போக்குவரத்துக்கான ஐஎம்டிஜி விதித்தொகுப்பில் 283 என்ற சிறப்பு விதியும் இந்த விலக்கைத் தருகின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பான 49 சிஎஃப்ஆரின் 173.306 பிரிவிலும் இதே அளவுகோல் இருக்கிறது. வாயு இருக்கும் இடத்தின் கொள்ளளவு 1.6 லிட்டரையும், நிரப்பிய அழுத்தம் 280 பாரையும் தாண்டக் கூடாது. அத்துடன், லிட்டரில் உள்ள கொள்ளளவையும் பாரில் உள்ள அழுத்தத்தையும் பெருக்கி வரும் எண் 80க்கு மேல் போகக் கூடாது. அதாவது 1.6 லிட்டர் உள்ள பொருளில் 50 பார் வரைதான் இருக்கலாம். 280 பார் நிரப்பிய பொருளின் கொள்ளளவு 0.28 லிட்டருக்குள் அடங்க வேண்டும்.

கேஸ் ஸ்பிரிங்கின் மேல் பெரும்பாலும் விசைதான் அச்சிடப்பட்டிருக்கும், அழுத்தம் இருக்காது. 500 நியூட்டன் விசையும் 8 மில்லிமீட்டர் தண்டும் கொண்ட ஒரு ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம். பிஸ்டனின் இருபுறமும் ஒரே அழுத்தம் இருப்பதால் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்புதான் விசையை உண்டாக்குகிறது; குழாயின் பரப்பைக் கொண்டு வகுத்தால் விடை தவறாகிவிடும். தண்டின் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர் என்பதால் உள்ளழுத்தம் ஏறத்தாழ 100 பார் என்று வருகிறது. குழாயின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர், வாயு இருக்கும் நீளம் 200 மில்லிமீட்டர் என்றால் கொள்ளளவு 0.04 லிட்டர்தான், பெருக்கினால் 4 வரும். வரம்பான 80க்கு இது வெகு கீழே இருக்கிறது. இது நம் சரிபார்ப்புக்கான கணக்கு மட்டுமே. ஆவணத்தில் எழுத வேண்டிய எண்களை உற்பத்தியாளரே எழுத்தில் தர வேண்டும்.

பலர் இந்த 80இலேயே நின்றுவிடுகிறார்கள். விதியில் இன்னும் நான்கு நிபந்தனைகள் இருக்கின்றன. 0.5 லிட்டர் வரை உள்ள பொருளின் வெடிப்பழுத்தம் 20 டிகிரி செல்சியஸில் உள்ள நிரப்பழுத்தத்தைப்போல் குறைந்தது 4 மடங்கும், அதற்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள பொருளுக்கு 5 மடங்கும் இருக்க வேண்டும். மேலே பார்த்த 100 பார் ஸ்பிரிங் 400 பார் வரை தாங்கியாக வேண்டும். உடைந்தாலும் சில்லுகளாகச் சிதறாத மூலப்பொருளால் அது செய்யப்பட்டிருக்க வேண்டும். உரிய அதிகாரிகள் ஏற்கும் தரக் கட்டுப்பாட்டு முறையின்கீழ் உற்பத்தியாகியிருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் தீச்சோதனை. பலருடைய கோப்பில் இல்லாத சான்றும் இதுவாகவே இருக்கிறது. தீயில் இட்டால் வெப்பத்தில் சிதைந்துபோகும் சீல் வழியாகவோ வேறு விடுவிப்பு அமைப்பு வழியாகவோ அழுத்தம் வெளியேறிவிட வேண்டும் என்றும், அப்போது பொருள் துண்டுகளாகச் சிதறவோ ராக்கெட்டைப்போல் பாயவோ கூடாது என்றும் அந்த வடிவமைப்பு சோதித்துக் காட்டப்பட்டிருக்க வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் அணைக்கப் போகும் மனிதரை நோக்கி உருக்குக் குழாய் பாயாது என்பதற்கு இருக்கும் ஒரே சான்று அதுதான் என்பதால், அதைப் பார்க்காமல் நான் எந்தச் சரக்குக்கும் விலக்குக் கோருவதில்லை. பொருளின் பகுதி எண், கொள்ளளவு, நிரப்பழுத்தம், வெடிப்புச் சோதனையின் முடிவு, தீச்சோதனையின் முடிவு ஆகியவை உற்பத்தியாளரின் சான்றில் தெளிவாக இருக்க வேண்டும். ‘எங்கள் பொருள் அபாயமற்றது’ என்ற ஒரு வரிக் கடிதமோ, நைட்ரஜனுக்கான பாதுகாப்புத் தகவல் தாளோ இதற்கு ஈடாகாது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அதில் நானே ஒருமுறை சிக்கியிருக்கிறேன். சென்னை விமான நிலையச் சரக்கு முனையத்துக்கு அனுப்பிய ஒரு பெட்டியில் சிறிய டயாஃப்ரம் அக்யுமுலேட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 0.32 லிட்டர், 100 பார், பெருக்கினால் 32. சோதனைச் சான்றுகளும் இருந்ததால் ஏ114 என்று எழுதினேன். ஏற்புச் சோதனை செய்த அலுவலர் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒன்றைக் கையில் எடுத்துப் பெயர்த்தகட்டைப் படித்துவிட்டு, “இது இயந்திரத்தில் என்ன வேலை செய்கிறது?” என்று மட்டும் கேட்டார். பிரஸ் இயந்திரத்துக்கு எண்ணெய் அழுத்தத்தைச் சேமித்துக் கொடுக்கிறது என்றேன். ஏ114 அதிர்வைத் தாங்கும் பொருட்களுக்கும் வாயு ஸ்பிரிங்குகளுக்கும் மட்டுமே உரியது என்று கூறிச் சரக்கைத் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அளவு பொருந்தினாலும் பயன்பாடு பொருந்தாவிட்டால் விலக்கு இல்லை என்பதை, கணக்கு போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலக்குக்கு உரிய பொருள் என்றால் ஏர்வே பில்லில் பொருளின் விவரத்தோடு ‘நாட் ரெஸ்ட்ரிக்டெட்’ என்பதையும் ஏ114 என்ற விதி எண்ணையும் எழுதி, உற்பத்தியாளரின் சான்றை இணைத்து அனுப்புவது நல்லது. எக்ஸ்-ரேயில் வரிசையாகத் தெரியும் உருளைகளைக் கண்டு பாதுகாப்பு அலுவலர் கேள்வி கேட்கும்போது பதில் அங்கேயே இருக்கும்.

விலக்கு இல்லாதபோது, சரக்குத் துறையில் ‘டிஜி’ என்று சொல்லப்படும் அபாயகரச் சரக்காகப் பொருள் போக வேண்டும். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஐயாட்டாவின் 208ஆம் பொதியல் விதிப்படி வலுவான வெளிப்பெட்டி போதும். ஏ48 என்ற சிறப்பு விதி இருப்பதால் யூஎன் சோதனை முத்திரை பெற்ற பெட்டி தேவையில்லை. ஆனால் உள்ளே பொருள் அசையக் கூடாது, வாயு நிரப்பும் வால்வுக்கு மூடி இருக்க வேண்டும், கேஸ் ஸ்பிரிங்கின் தண்டில் கீறல் விழாதபடி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரித்து வைக்கப்பட வேண்டும். பெட்டியின் மேல் யூஎன் எண், விதிநூலில் உள்ள முறையான சரக்குப் பெயர், அனுப்புநர் மற்றும் பெறுநரின் முழு முகவரிகள் ஆகியவற்றோடு, பச்சை நிறத்தில் வாயு உருளைச் சின்னம் கொண்ட 100 மில்லிமீட்டர் சாய்சதுர லேபிளும் ஒட்டப்பட வேண்டும். யூஎன் எண்ணின் எழுத்து உயரம் 30 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியில் குறைந்தது 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பல பெட்டிகளைப் பாலித்தீனில் சுற்றி ஒன்றாக்கும்போது லேபிள்கள் மறைந்தால், அவற்றை வெளியிலும் ஒட்டி ‘ஓவர்பேக்’ என்று எழுத வேண்டும்.

சிவப்புப் பட்டை ஓரம் கொண்ட ஷிப்பர்ஸ் டிக்ளரேஷன் என்ற அனுப்புநர் உறுதிமொழிப் படிவத்தில் யூஎன் எண், பெயர், பிரிவு என்ற வரிசை மாறக் கூடாது. அபாயத்தின் அளவைக் காட்டும் பொதியல் குழு வாயுக்களுக்குக் கிடையாது என்பதால் அந்த இடம் காலியாகவே இருக்கும். பெயரில் நியூமேட்டிக், ஹைட்ராலிக் இரண்டில் பொருளுக்குப் பொருந்துவதை மட்டும் எழுத வேண்டும். கையெழுத்திடுபவர் பயிற்சி பெற்றவராகவும், 24 மாதங்களுக்குள் அதைப் புதுப்பித்தவராகவும் இருக்க வேண்டும். ஐயாட்டா நூல் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் புதுப் பதிப்பாக நடைமுறைக்கு வருகிறது. விமான நிறுவனங்கள் தங்களுக்கென்று கூடுதல் கட்டுப்பாடுகளையும் அதில் அறிவித்திருக்கும் என்பதால் போகும் வழியில் உள்ள எல்லா நிறுவனங்களின் பக்கங்களையும் பார்க்க வேண்டும். மாதிரி என்று ஒன்றிரண்டைக் கூரியரில் அனுப்பினாலும் விதி இதுவேதான்.

கப்பலில் அனுப்பும்போது ஐஎம்டிஜியின் பி003 பொதியல் விதி பொருந்தும். பெரிய, உறுதியான பொருட்களைப் பெட்டியின்றியோ மரச்சட்டத்தில் வைத்தோ அனுப்ப அதில் இடமுண்டு. கன்டெய்னரின் நான்கு பக்கமும் 250 மில்லிமீட்டர் பலகைகளும், கன்டெய்னரில் ஏற்றியவரின் சான்றும் தேவை. கப்பல் நிறுவனத்தின் ஒப்புதல் வந்த பின்னரே சரக்கைத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும்.

அக்யுமுலேட்டர்களுக்கு எளிய வழி ஒன்றும் இருக்கிறது. திரவமாக்கப்படாத 2.2 பிரிவு வாயு 20 டிகிரியில் 200 கிலோபாஸ்கலுக்கு, அதாவது 2 பாருக்குக் கீழே இருந்தால் அது இந்த விதிகளுக்கே உட்படாது. ஆகவே நிரப்பும் கருவியைக் கொண்டு பயிற்சி பெற்றவரை வைத்து அழுத்தத்தை 1.5 பார் அளவுக்குக் குறைத்து, ‘பயன்படுத்தும் முன் நைட்ரஜன் நிரப்பவும்’ என்ற அட்டையை வால்வில் கட்டி அனுப்பலாம். சென்னையில் 35 டிகிரியில் கருவி காட்டும் 1.5 பார், 20 டிகிரியில் சுமார் 1.4 ஆகக் குறையும் என்பதால் இங்கே அளப்பது பாதுகாப்பான பக்கத்திலேயே இருக்கும். அளந்த அழுத்தம், தேதி, வரிசை எண் ஆகியவற்றைப் பதிவு செய்து சரக்கோடு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். வாங்குபவரிடம் நிரப்பும் வசதி இருக்கிறதா என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். மூடி அடைத்த கேஸ் ஸ்பிரிங்குகளுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றைத் துளையிட்டு வாயுவை வெளியேற்றுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

உத்தரவாதத்தில் திரும்பி வரும் பழுதான பொருட்களுக்கு, புதிய பொருளுக்கு வாங்கிய சோதனைச் சான்றைக் காட்டி விலக்குக் கோரக் கூடாது. நசுங்கிய குழாயும் கசியும் சீலும் சோதிக்கப்பட்ட வடிவமைப்பில் இருந்தவை அல்ல. அப்படிப்பட்டவற்றைத் தனியே எடுத்து வைத்து, படத்துடன் உற்பத்தியாளருக்கு எழுதி, அழுத்தம் முழுவதும் நீங்கியது என்று அவர்களோ அவர்கள் அனுமதித்த பணிமனையோ எழுத்தில் தந்த பிறகே சரக்காக ஏற்க வேண்டும்.