பெரிய எண்ணின் பகாக் காரணிகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனி, ஞாயிறு மாலைகளில் மயிலாப்பூரில் சில கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் கணக்கும் பைத்தானும் படிக்க வருகிறார்கள். அந்த வயதில் நான் செய்த கோளாறுகளை ஒவ்வொரு புதுக் குழுவும் தவறாமல் செய்கிறது. 1 பகா எண் இல்லை என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை.

எண்ணின் அமைப்பைப் பார்க்காமல் வகுக்கக் கிளம்புவது

2^67 − 1 கொடுத்தால் உடனே 3, 5, 7 என்று வகுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அடுக்கு 67 பகா எண். ஆகவே இதன் பகாக் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7. மற்றதைத் தொடவே வேண்டாம். 2^32 + 1-க்கும் இப்படி ஒரு சலுகை உண்டு: அதன் பகாக் காரணிகள் 64-ன் மடங்கைவிட ஒன்று கூடுதல். 1732-ல் ஆய்லர் கண்டுபிடித்த 641-ஐப் பாருங்கள், 64 × 10 + 1.

வர்க்கமூலத்தைத் தாண்டியும் தேடுவது

வேண்டாம்.

ஒற்றைச் சாய்கோடு

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. ஓஎம்ஆர் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும் பையன், ப்ராஜெக்டுக்கு எழுதிய நிரலைக் கொண்டுவந்தான். "சார், சூப்பரா ஓடுது, நொடியில முடிஞ்சிடுது" என்றான். 295147905179352825854-ஐக் கொடுத்தேன். 2^67 − 1-ன் இரு மடங்கு அது. திரையில் 2, 2, 2 என்று வரிசையாக விழுந்தது. எண்ணினால் 68 இரண்டுகள், வேறு காரணியே இல்லை.

பைத்தானில் முழு எண்ணுக்கு இலக்க வரம்பு கிடையாது. ஆனால் '/' போட்டு வகுத்தால் விடை ஃப்ளோட், அதாவது தசமப் புள்ளி எண், ஆகிவிடும். ஃப்ளோட்டில் 53 பிட்டுக்குத்தான் இடம். 9007199254740992-ஐத் தாண்டினால் எல்லா முழு எண்களும் அப்படியே உட்காராது. முதல் தடவை 2-ஆல் வகுத்ததும் 147573952589676412927 வந்திருக்க வேண்டும். வந்ததோ 147573952589676412928. கடைசியில் 7 போய் 8, அவ்வளவுதான். ஆனால் அது சாட்சாத் 2^67. அப்புறம் இரண்டாலேயே வகுபட்டுக்கொண்டு போகாமல் என்ன செய்யும்? சரியான விடை 2 × 193707721 × 761838257287. பின்னால் உள்ள இரண்டையும் 1903-ல் ஃபிராங்க் நெல்சன் கோல் கையாலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்.

"பெருக்கிச் சரிபார்த்தேனே சார்" என்று கால்குலேட்டரை நீட்டினான். இரண்டுக்கும் 2.951479052 × 10^20. பத்து இலக்கம் காட்டும் கருவியில் ஒத்துப்போனால் அது சரிபார்த்ததாகாது. 2^68 முடிவது 6-ல், கொடுத்த எண் முடிவது 4-ல். கண்ணால் பார்த்தாலே தெரியும். இதற்குள் அந்த நிரல் தந்த அட்டவணை முழுக்க ரிப்போர்ட்டில் ஏறி, பைண்டிங்கும் முடிந்திருந்தது. எல்லாவற்றையும் மறுபடி ஓட்டி, மறுபடி அச்சடித்தான்.

முழு எண்ணாகவே விடை தரும் '//' போடுங்கள். வர்க்கமூலத்தையும் முழு எண்ணாகவே தரும் ஃபங்ஷனில் எடுங்கள். எக்ஸெல் பக்கம் போகவே போகாதீர்கள். 15 இலக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிடும்.

ஃபெர்மா சோதனையில் தேறியதைப் பகா எண் என்று நம்புவது

ஓர் எண் ஒற்றைப்படைப் பகா எண்ணானால், அதைவிட ஒன்று குறைவான அடுக்கை 2-க்குப் போட்டு அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும்; இதுதான் ஃபெர்மா சோதனை. 2^340-ஐ 341-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆனால் 341 = 11 × 31. இதுவாவது 2-க்குப் பதில் 3 போட்டால் மாட்டிக்கொள்ளும். 561 (3 × 11 × 17) அப்படியில்லை. தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் தேறிவிடும். இதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனைக்குப் போங்கள்.

ஒவ்வொன்றாகவே வகுத்துக்கொண்டிருப்பது

2^67 − 1-ன் காரணியான 193707721 வரை அப்படிப் போய்ச் சேரக் கோடிக்கணக்கில் வகுக்க வேண்டியிருக்கும். காரணி தேட பொல்லார்ட் 1975-ல் தந்த ரோ முறை பொதுவாகச் சில பத்தாயிரம் படிகளிலேயே அதைப் பிடித்துவிடும். ஆனால் ரோ தரும் காரணி சில நேரம் பகு எண்ணாகவே இருக்கும். வந்ததைத் தனியாகச் சோதித்து, தேவையென்றால் மறுபடி உடைக்க வேண்டும்.