எல்எஸ்டி மூளை ஸ்கேன் தரவை லேப்டாப்பில் அலசும் முறை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கக் கல்லூரிகளில் இயற்பியலோ புள்ளியியலோ கணினி அறிவியலோ படிப்பவர்கள் புராஜெக்டுக்குத் தாராளமாக எடுக்கக்கூடிய தலைப்பு இது. ஸ்கேனரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மாயத்தோற்றங்களை உண்டாக்கும் போதைப்பொருளான எல்எஸ்டியைக் கையில் வைத்திருப்பதே 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி குற்றம். லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு 2016-இல் வெளியிட்ட ஆய்வின் ஸ்கேன்கள் மூளைத் தரவுகளைப் பகிரும் ஓப்பன்நியூரோ தளத்தில் டிஎஸ்003059 என்ற எண்ணில் இலவசமாகக் கிடைக்கின்றன. 8 ஜிபி ரேம், பைத்தான், மூளை ஸ்கேனை அலசும் அதன் நைலேர்ன் தொகுப்பு இருந்தால் போதும்.

அந்த ஆய்வில் 20 பேர். ஒரு நாள் 75 மைக்ரோகிராம் எல்எஸ்டி ஊசி, இன்னொரு நாள் வெறும் உப்புநீர். பதற்றத்தால் ஒருவர் பாதியில் நிறுத்தினார், நான்கு பேர் தலையை அளவுக்கு மீறி அசைத்ததால் கழிக்கப்பட்டார்கள், மிச்சம் 15. ஒவ்வொரு நாளும் மூன்று ஸ்கேன். நடுவில் உள்ளது இசை கேட்டபடி எடுத்தது, அதை ஒதுக்கிவிட்டு, ஓய்வில் படுத்திருந்தபோது எடுத்த முதலாவதையும் மூன்றாவதையும் எடுங்கள்.

மொத்தத் தரவையும் ஒரே மூச்சில் இறக்க வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டேட்டாலாட் கருவியால் ஒவ்வொரு ஆளாக இறக்கினால், அறுந்த இடத்திலிருந்து தொடரலாம். படம் 91×109×91 அளவில், 217 காட்சிகளோடு (அடுத்தடுத்து எடுத்த முழு மூளைப் படங்கள்) இருந்தால், 4 பைட் எண்களாகத் திறக்கும்போது சுமார் 780 எம்பி ரேம் பிடிக்கும். 8 பைட்டாகத் திறந்தால் அது இரட்டிப்பாகும். ஒன்றை முடித்து மூடிய பிறகே அடுத்ததைத் திறங்கள்.

மூளையைப் பகுதிகளாகப் பிரிக்க ஷேஃபர் வரைபடத்தின் 100 பகுதி, 7 வலையமைப்புப் பதிப்பை எடுங்கள். வலையமைப்பு என்பது சேர்ந்து இயங்கும் பகுதிகளின் கூட்டம். அதில் மூளையின் வெளியடுக்கான புறணி மட்டுமே உண்டு. உள்ளே இருக்கும் தாலமஸ் வேண்டுமானால் ஹார்வர்டு ஆக்ஸ்ஃபோர்டு வரைபடத்தைத் தனியே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பகுதியின் சராசரிச் சிக்னலையும் எடுத்து, இரண்டிரண்டாக ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) கணக்கிட்டால் 4,950 எண்கள் வரும். தரவு ஏற்கெனவே வடிகட்டிச் சுத்தம் செய்யப்பட்டது, மறுபடி வடிகட்டாதீர்கள். கண்குழிக்கு மேலே உள்ள பகுதிகளில் சைனஸ் காற்றால் சிக்னல் மங்கும். அங்கே எண்ணுக்குப் பதில் வெற்று மதிப்பு (NaN) வந்தால் அந்தப் பகுதியை எல்லோருக்கும் நீக்குங்கள். பிறகு, ஒட்டுறவு எண்களைச் சராசரியாக்க ஏற்றபடி மாற்றும் ஃபிஷர் இசட் மாற்றம். அட்டவணையின் மூலைவிட்டத்தில் உள்ள 1-ஐ (ஒரு பகுதி தன்னோடே கொண்ட ஒட்டுறவு) முதலிலேயே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது முடிவிலியாகிவிடும்.

கரையில் நின்று கரமடி வலையை இழுக்கும்போது இரண்டு வடத்திலும் ஆட்கள் தள்ளித்தள்ளி நின்றாலும் ஒரே தாளத்தில் வளைந்து நிமிர்வார்கள். இங்கே அளப்பதும் அந்த ஒத்த அசைவைத்தான். ஆகவே எண் கூடினால் புது நரம்பு முளைத்தது என்று எழுதிவிடக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓய்வு ஸ்கேன்களின் இசட் மதிப்பைச் சராசரியாக்கி, எல்எஸ்டி நாளிலிருந்து உப்புநீர் நாளைக் கழியுங்கள். 4,950 ஜோடிகளையும் தனித்தனியே 0.05 அளவில் சோதித்தால் ஒரு விளைவுமே இல்லாமலும் 250 அளவுக்குப் பொய்யாகத் தேறும். அதனால் 7 வலையமைப்புகளின் உள் இணைப்பு 7, இடை இணைப்பு 21, ஆக 28 சராசரிகளாகச் சுருக்குங்கள். முடிவு தற்செயலா என்று பார்க்க, 15 பேரின் வித்தியாசங்களுக்குக் கூட்டல், கழித்தல் குறியை மாற்றி மாற்றிப் போட 32,768 வழிகள்தான், அத்தனையையும் ஓட்டிவிடலாம். 28 சோதனைகளுக்கான திருத்தத்தையும் மறக்காதீர்கள். மூல ஆய்வு சொன்னது: வலையமைப்புகளுக்குள் ஒற்றுமை தளர்கிறது, அவற்றுக்கு இடையே உள்ள எல்லை மங்குகிறது.

உங்களுக்கும் அதே வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். எல்எஸ்டி நாளில் தலை அசைவு அதிகம். அசைவு, பக்கத்துப் பகுதிகளின் ஒட்டுறவைக் கூட்டி, தூரத்துப் பகுதிகளின் ஒட்டுறவைக் குறைக்கும். அதாவது மருந்தின் வேலை போலவே தோற்றம் காட்டும். சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒவ்வொரு பகுதியின் மையப்புள்ளியையும் எடுத்து, ஜோடிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் கிடையச்சிலும், எல்எஸ்டி வித்தியாசத்தைச் செங்குத்தச்சிலும் போடுங்கள். தூரம் கூடக் கூடப் புள்ளிகள் சரிந்தால் அசைவைச் சந்தேகியுங்கள். கூடவே, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே சிக்னல் எவ்வளவு துள்ளுகிறது என்று ஆள்வாரியாகக் கணக்கிட்டு, அதிகம் துள்ளும் இரண்டு மூன்று பேரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முடிவு அப்போதும் நின்றால்தான் அறிக்கையில் ஏற்றலாம்.

ரத்த ஓட்டம் அடுத்த சிக்கல். இந்த ஸ்கேன் நரம்பை நேரடியாக அளப்பதில்லை, ரத்தத்தின் ஆக்சிஜனைத்தான் அளக்கிறது. எல்எஸ்டியோ பார்வைப் புறணியில் ரத்த ஓட்டத்தையே கூட்டுகிறது. எல்எஸ்டி நரம்பில் ஒட்டும் இடமான செரட்டோனின் 2ஏ ஏற்பியைக் கீட்டான்செரின் என்ற மருந்தால் அடைத்தால் எல்எஸ்டியின் விளைவுகள் பெரும்பாலும் வருவதில்லை என்பது வேறு ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் அந்த ஏற்பி ரத்தக்குழாய்ச் சுவரிலும் உண்டு, ஆகவே அதை மட்டும் காட்டி இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க முடியாது. அறிக்கையில் இதற்கென்று ஒரு பத்தி ஒதுக்குங்கள். வைவாவில் முதல் கேள்வியே அங்கிருந்து வரலாம்.